காவலில் ஒருவர் இறந்தால்: காவல்துறையின் பொறுப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 ஜூனில் சாத்தான்குளத்து வணிகர் ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும், 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரும் காவல்துறையினரின் பிடியில் சிக்கி உயிரிழந்தார்கள். இவ்விரு நிகழ்வுகளுக்குப் பிறகும் மக்கள் கேட்ட கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. காவல் மரண வழக்கில் புலனாய்வு செய்பவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே சீருடையை அணிந்தவர்கள். அதனால் சாட்சியம் எவ்வளவு விரைவாகக் காவல் நிலையத்தின் கையைவிட்டு வெளியே வருகிறதோ, அந்த அளவுக்குத்தான் நீதி கிடைக்கும் வாய்ப்பும் இருக்கிறது. இங்குள்ள பதில்கள் எல்லாம் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமைந்துள்ளன.

லாக்கப்புக்குள் இறந்தால் மட்டும்தான் காவல் மரணமா?

இல்லை. ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்தபோது காவல் நிலையத்தில் இல்லை. நீதிமன்றக் காவலில் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த நிலையில், மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு இறந்தார்கள். அஜித்குமாரின் கதை இதற்கு நேர்மாறானது. நகை காணாமல் போனதாக ஒரு புகார் வந்தது. முறையாக வழக்கே பதிவாகாத நிலையில் தனிப்படை அவரை எப்படி விசாரித்தது என்று உயர் நீதிமன்றமே பின்னர் கேட்டது. கைது செய்ததாக ஏட்டில் எழுதாமல் இருப்பதால் அது காவல் இல்லை என்றாகிவிடாது. ஒருவர் தம் விருப்பப்படி எழுந்து வீட்டுக்குப் போக முடியாதபடி காவலர்கள் அவரைப் பிடித்து வைத்திருந்தால், அந்த இடம் நிலையமாக இருந்தாலும், வேனாக இருந்தாலும், கோயிலின் பின்பக்கமாக இருந்தாலும் அவர் காவலில்தான் இருக்கிறார்.

மரணத்தை யார் விசாரிப்பார்கள்? அதே காவல் நிலையமா?

காவல்துறை நடத்தும் புலனாய்வு ஒரு பக்கம் நடக்கும். அதோடு நீதித்துறை நடுவர் (மாஜிஸ்ட்ரேட்) ஒருவர் தனியாக விசாரித்தே ஆகவேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 176(1-ஏ) பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 196-ஆம் பிரிவாக வருகிறது. காவலில் மரணம் நேர்ந்தாலும், காவலில் இருந்தவர் காணாமல் போனாலும், காவலில் இருந்த பெண் வன்புணர்வுக்கு ஆளானதாகக் குற்றச்சாட்டு எழுந்தாலும் இப்பிரிவு பொருந்தும். புதிய சட்டத்தில் ‘நீதித்துறை’ என்ற அடைமொழி இல்லாமல் ‘நடுவர்’ என்று மட்டும் இருப்பதால் சிலருக்குக் குழப்பம் எழுந்தது; ஆனால் அடைமொழி இல்லாமல் நடுவர் என்று வரும் இடங்களில் நீதித்துறை நடுவரையே பொருள்கொள்ள வேண்டும் என்று அச்சட்டத்தின் தொடக்கத்திலேயே கூறப்பட்டுள்ளது.

நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்ற திருத்தம் 2006-இல் நடைமுறைக்கு வரும் முன்பு, இத்தகைய விசாரணைகளை வருவாய்க் கோட்டாட்சியரே (ஆர்.டி.ஓ.) நடத்திவந்தார். சட்டம் ஒழுங்குப் பணியில் காவல்துறையோடு நாள்தோறும் இணைந்து இயங்கும் ஓர் அதிகாரியிடம் இந்தப் பொறுப்பு இருந்ததன் பலவீனத்தை உணர்ந்தே சட்டம் மாற்றப்பட்டது. எனவே, ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கிறது என்று யாராவது சமாதானம் சொன்னால், நடுவர் விசாரணை எங்கே என்று குடும்பத்தினர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

இறப்புச் செய்தி வந்ததும் குடும்பம் முதலில் செய்ய வேண்டியது என்ன?

உடலைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் அதைச் செய்யும் மனவலிமை யாருக்கும் எளிதில் வராது என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன். நெருங்கிய உறவினரால் முடியாவிட்டால், நம்பகமான ஒருவரையோ வழக்கறிஞரையோ அனுப்பலாம். உடலின் முன்புறத்தையும் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். உள்ளங்கால், பிட்டம், தொடையின் பின்பகுதி, மணிக்கட்டு ஆகியவற்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஒளிப்படமும் காணொளியும் எடுக்க வேண்டும். லத்தியால் அடிப்பவர்கள் பெரும்பாலும் ஆடை மறைக்கும் இடங்களிலேயே அடிக்கிறார்கள்.

அடுத்து, நடந்ததை எழுத்தில் கொடுக்க வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் வந்து அழைத்துப் போனார்கள், அப்போது அவர் உடல்நிலை எப்படி இருந்தது, கடைசியாக யார் அவரைப் பார்த்தார்கள், என்ன பேசினார் என்பதையெல்லாம் நினைவு மங்குவதற்குள் எழுதி, நடுவருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் ஆட்சியருக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனை வளாகத்தில் காவலர் ஒருவர் நீட்டும், ஏற்கெனவே எழுதப்பட்ட தாளில் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். ‘நெஞ்சுவலி வந்து இறந்தார்’ என்ற ஒரு வரி அதில் இருந்தால், பின்னர் அதை மறுக்கவே பல ஆண்டுகள் செலவாகும்.

பிணக்கூறாய்வில் குடும்பத்துக்கு என்னென்ன உரிமைகள் உள்ளன?

உடலை 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றும், இயன்றவரை உறவினர்களுக்குத் தகவல் தெரிவித்து அவர்கள் நடுவர் விசாரணையில் உடனிருக்க அனுமதிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. காவல் மரணங்களில் பிணக்கூறாய்வைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று தேசிய மனித உரிமைகள் ஆணையம் 1995-லேயே மாநிலங்களுக்கு எழுதியது.

இவற்றைவிடத் தெளிவான நெறிமுறைகளைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2020-இல், சந்தோஷ் எதிர் மதுரை மாவட்ட ஆட்சியர் என்ற வழக்கில் வகுத்தது. குடும்பத்தினர் உடலைப் பார்க்காமல் பிணக்கூறாய்வைத் தொடங்கக் கூடாது. தடயவியல் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற இரு மருத்துவர்கள் அதைச் செய்ய வேண்டும். எலும்பு முறிவுகளைக் கண்டறிய உடல் முழுவதையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை காணொளியில் பதிய வேண்டும். அறிக்கையின் நகலைக் குடும்பத்துக்குத் தர வேண்டும். இந்த வழக்கின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிணவறை வாசலில் ‘அப்படி ஒரு வழக்கமே இல்லை’ என்று யாராவது சொல்லும்போது அது கைகொடுக்கும்.

நீதி கிடைக்கும்வரை உடலை வாங்க மறுப்பது சரியா?

ஏழைக் குடும்பங்களுக்கு வேறு எந்த வலிமையும் இல்லாத நிலையில், உடலை வாங்க மறுப்பதே தமிழ்நாட்டில் அவர்களுக்கு எஞ்சிய போராட்ட வடிவமாக இருந்துவருகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உடலும் ஒரு சாட்சியம்தான். நாள் போகப் போக அது சிதையும். அறிக்கையைப் பெற்ற பிறகு மறு பிணக்கூறாய்வு கோரி உயர் நீதிமன்றத்தை நாட விரும்பினால், அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தால் குறைந்தது 48 மணி நேரம் உடலைப் பாதுகாக்க வேண்டும் என்று மேற்சொன்ன தீர்ப்பு கூறுகிறது. போராட்டம் தெருவில் நடக்கட்டும். அதே நேரத்தில் அந்த 48 மணி நேரத்தை வழக்கறிஞர் பயன்படுத்திக்கொள்ளட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

சாத்தான்குளம் வழக்கில் அசாதாரணமாக நடந்தது என்ன?

2020 ஜூன் 19 மாலை ஜெயராஜ் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். தந்தையைத் தேடிப்போன பென்னிக்ஸும் அங்கேயே பிடித்து வைக்கப்பட்டார். பொதுமுடக்க நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகவும், காவலர்களைத் திட்டித் தரையில் உருண்டு புரண்டதில் அவர்களுக்கு உள்காயம் ஏற்பட்டதாகவும் முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்டது. ஜூன் 22 இரவு பென்னிக்ஸும், மறுநாள் காலை ஜெயராஜும் இறந்தார்கள். அக்கம்பக்கத்துக் கடையின் கேமராவில், முதல் தகவல் அறிக்கை சொன்ன ரகளை எதுவும் பதிவாகவில்லை.

இதுவரை நடந்தது வழக்கமான பாதைதான். மதுரைக் கிளையின் நீதிபதிகள் பி.என். பிரகாஷும் பி. புகழேந்தியும் வழக்கைத் தாமாக முன்வந்து எடுத்ததிலிருந்து பாதை மாறியது. விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன், நிலையத்தில் தமக்குக் கிடைத்த ‘வரவேற்பை’ அறிக்கையாக எழுதினார். கேட்ட ஆவணங்கள் தரப்படவில்லை; உயர் அதிகாரிகள் உடனிருந்தும், காவலர் ஒருவர் நடுவரின் காதுபடவே ஒருமையில் இழிவாகப் பேசினார். ஒரு நடுவருக்கே அங்கு இந்த நிலை என்றால், கையெழுத்துப் போட வந்த ஒரு கூலித் தொழிலாளிக்கு என்ன நிலை என்று எண்ணிப் பார்க்காமல் அந்த அறிக்கையைப் படிக்க முடியாது.

உயர் நீதிமன்றம் மூன்று முடிவுகளை எடுத்தது. மூன்று காவல்துறையினர் மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையைத் தொடங்கியது. தடயங்கள் அழிந்துவிடாதபடி சாத்தான்குளம் காவல் நிலையத்தை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் ஒப்படைத்தது. வழக்கை ஏற்கவிருந்த மத்தியப் புலனாய்வு அமைப்பான சிபிஐ பொறுப்பேற்க நாளாகும் என்பதால், இடைக்காலத்தில் மாநிலக் காவல்துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவான சிபிசிஐடியை உடனே களமிறங்கச் சொன்னது. அதன் பிறகே கொலைப் பிரிவு சேர்க்கப்பட்டு, ஆய்வாளர் உட்பட காவலர்கள் கைதானார்கள். இறந்து ஒரு வாரம் கடந்த நிலையில் இந்தத் தலையீடு வராமல் இன்னொரு வாரம் போயிருந்தால், மேசையிலும் லத்திகளிலும் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

நிலையத்துக்குள் இருந்த கேமராக்கள் உதவவில்லையா?

உதவவில்லை. பதிவுகளைச் சேமிக்கப் போதுமான கொள்ளளவு வன்தட்டில் இருந்தும், ஒவ்வொரு நாளின் பதிவும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நடுவர் கண்டறிந்தார். அதே ஆண்டு டிசம்பரில், பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையத்தின் நுழைவாயில், லாக்கப், நடைவழி, ஆய்வாளர் அறை என எல்லா இடங்களிலும் ஒலியோடு பதியும் கேமராக்கள் வேண்டும் என்றும், பதிவுகளை 18 மாதங்கள், அது இயலாவிட்டால் குறைந்தது ஓராண்டு பாதுகாக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. எனவே மரணம் நேர்ந்த அன்றே, ‘இந்தத் தேதிகளின் பதிவைப் பாதுகாத்துத் தாருங்கள்’ என்று எழுத்தில் கோருவது இன்றியமையாதது. கோரிக்கைக்குப் பிறகும் பதிவு காணாமல் போனால், அதுவே நீதிமன்றத்தில் காவல்துறைக்கு எதிரான ஒரு சூழ்நிலைச் சான்றாக வாதிடப்படும்.

மருத்துவருக்கும் ரிமாண்ட் செய்த (நீதிமன்றக் காவலுக்கு அனுப்பிய) நடுவருக்கும் பொறுப்பு இல்லையா?

உண்டு, அது சிறிய பொறுப்பும் அல்ல. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவரிடம் கொண்டுவர வேண்டும் என்று அரசமைப்பின் 22-ஆம் பிரிவு விதித்திருப்பதன் நோக்கமே, காவல்துறையைச் சாராத ஒரு கண் அவரைப் பார்க்க வேண்டும் என்பதுதான். நடுவர் அவரைத் தனியே அழைத்து, அடித்தார்களா என்று கேட்டு, நடக்கச் சொல்லிப் பார்த்து, பதிலைக் குறிப்பில் எழுத வேண்டும். சாத்தான்குளத்தில் இருவரும் சிறைக்கு அனுப்பத் தகுந்த உடல்நிலையில் இருப்பதாக மருத்துவமனை தகுதிச் சான்று வழங்கியது; நடுவர் அருகில் வந்து பார்க்காமலேயே ரிமாண்ட் செய்தார் என்று குடும்பத்தினரும் வழக்கறிஞர்களும் குற்றம்சாட்டினர். கிளைச் சிறையின் வாசலையும் சேர்த்தால், அந்தத் தந்தையையும் மகனையும் காப்பாற்றியிருக்கக்கூடிய கதவுகள் மூன்று. மூன்றும் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. பொதுச் சினம் முழுவதும் காவலர்கள் மீது பாய்ந்ததால், இந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் பற்றிய பேச்சு விரைவில் அடங்கிவிட்டது. இதை நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

இடமாற்றமும் பணியிடை நீக்கமும் தண்டனையா?

தண்டனை அல்ல. ஆயுதப்படைக்கு மாற்றுவது நிர்வாக ஏற்பாடு. பணியிடை நீக்கம் என்பது விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைப்பது. குற்ற வழக்கின் இடத்தை இரண்டுமே நிரப்பாது.

எந்தெந்தப் பிரிவுகளில் வழக்குப் பதிய முடியும்?

தொடக்கத்தில் ‘சந்தேக மரணம்’ என்றே பதிவாகும். பிணக்கூறாய்வு அறிக்கையும் நடுவரின் அறிக்கையும் காயங்களைக் காட்டினால் அது கொலை வழக்காக மாற வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 103-ஆம் பிரிவு. ஒப்புதல் வாக்குமூலமோ தகவலோ பெறுவதற்காக அடித்துக் காயப்படுத்துவது 120-ஆம் பிரிவில் தனிக் குற்றம். சாதாரண காயத்துக்கு ஏழாண்டு வரையிலும், கொடுங்காயத்துக்குப் பத்தாண்டு வரையிலும் சிறைத் தண்டனை உண்டு. சாட்சியத்தை அழித்தல், பொய் ஆவணம் புனைதல், சட்டவிரோதமாக அடைத்து வைத்தல் ஆகியவையும் சேரும். அடித்தவரைப் போலவே, அடித்ததை மறைக்க ஏட்டைத் திருத்தியவரும் குற்றவாளியே.

காவலர் மீது வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி வேண்டுமே?

அலுவல் கடமையைச் செய்யும்போது நிகழ்ந்த செயலுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197-ஆம் பிரிவும் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218-ஆம் பிரிவும் இதைத்தான் சொல்கின்றன. ஒருவரைக் கட்டி வைத்து அடிப்பது எந்தக் காவலரின் கடமையிலும் அடங்காது. இந்த வாதம் ஒவ்வொரு வழக்கிலும் எழுப்பப்படுவது பெரும்பாலும் காலத்தைக் கடத்தத்தான்.

இறந்தவர் மீது பல வழக்குகள் இருந்தன, அவர் ரவுடி என்கிறார்களே?

அது உண்மையாக இருந்தாலும் விடை மாறாது. குற்றவாளி என்று தீர்ப்பளிக்கும் அதிகாரமும் தண்டிக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. காவல் மரணங்கள் தொடர்பான நிலபதி பெஹெரா வழக்கில் 1993-லும், டி.கே. பாசு வழக்கில் 1996-லும் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. கைது செய்யும்போது காவலர் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்திட வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்ற விதிகள் பாசு வழக்கில் பிறந்தவை. நல்லவர், கெட்டவர் என்ற பாகுபாடு அவற்றில் எங்கும் இல்லை.

நம்மைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கையில் மாவுக்கட்டோடு நிற்கும் சந்தேக நபரின் படம் வரும்போதெல்லாம், ‘கழிப்பறையில் வழுக்கி விழுந்தார்’ என்ற விளக்கத்தை நம்பாமலேயே நாம் பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டு காவல் நிலையத்தை எட்டுகிறது. கையை உடைக்கத் துணிந்த லத்தி, அடுத்த முறை சாத்தான்குளத்துச் செல்போன் கடைக்காரரையும் மடப்புரத்துக் கோயில் காவலாளியையும் சென்று சேர்ந்தது.

இழப்பீட்டை வாங்கினால் வழக்கு முடிந்துவிடுமா?

முடியாது. உயிர் வாழும் உரிமையை அரசு மீறியதற்காகத் தரப்படும் தொகை அது. சமரசப் பணம் அல்ல. நிலபதி பெஹெரா தீர்ப்பு இந்த வேறுபாட்டை நிறுவியது. அரசு வேலை, வீட்டுமனைப் பட்டா ஆகியவற்றை ஏற்பதாலும் சாட்சி சொல்லும் உரிமை பறிபோகாது. புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்ற நிபந்தனையோடு யாராவது பணம் கொண்டுவந்தால், அதை உடனே நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மனித உரிமைகள் ஆணையத்தால் என்ன பயன்?

காவல் மரணம் குறித்து 24 மணி நேரத்துக்குள் தேசிய ஆணையத்துக்குத் தகவல் தர வேண்டும் என்பது 1993 டிசம்பர் முதல் நடைமுறை. ஆணையத்தால் சிறைத் தண்டனை விதிக்க முடியாது. இழப்பீட்டையும் நடவடிக்கையையும் பரிந்துரைக்க முடியும். மாநில ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. நிகழ்விலிருந்து ஓராண்டுக்குள் புகார் தர வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

காவல்துறை மீதான புகார்களுக்கென ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் அமைக்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தமிழ்நாடு 2013-இல் இயற்றிய சட்டமோ, அந்தப் புகார் ஆணையத்துக்கு மாநில அளவில் உள்துறைச் செயலாளரையும் மாவட்ட அளவில் ஆட்சியரையும் தலைவர்களாக்கியது. காவல்துறையை நிர்வகிப்பவரிடமே அதன் மீதான புகாரையும் ஒப்படைத்தது அந்தத் தீர்ப்பின் உயிரையே எடுத்துவிட்டது.

தீர்ப்பு வர எவ்வளவு காலம் ஆகும்?

தூத்துக்குடி தாளமுத்து நகர் காவல் நிலையத்தில் 1999-இல் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கில், துணைக் கண்காணிப்பாளர் உட்பட ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2025 ஏப்ரலில். இடையில் கால் நூற்றாண்டு. அவர்களில் சிலர் அதற்குள் பதவி உயர்வும் பெற்றிருந்தார்கள். சாத்தான்குளம் வழக்கில் சிபிஐ மூன்று மாதங்களில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தும், ஐந்து ஆண்டுகள் கடந்த பிறகும் மதுரை நீதிமன்றத்தில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. சாட்சிகளின் வாக்குமூலத்தைத் தொடக்கத்திலேயே நடுவர் முன்பு பதிவு செய்துகொள்வது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

சட்டத்தில் இன்னும் இல்லாதது எது?

சித்திரவதைக்கென ஒரு தனிச் சட்டம் இல்லை. ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. 2010-இல் மக்களவை நிறைவேற்றிய மசோதா காலாவதியானது. சட்ட ஆணையம் 2017-இல் தன் 273-ஆவது அறிக்கையோடு தந்த வரைவும் கிடப்பில் உள்ளது. காவலில் இருந்தவருக்குக் காயம் இருந்தால் அதைக் காவலரே ஏற்படுத்தினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்னும் விதியைச் சாட்சியச் சட்டத்தில் சேர்க்கும்படி அதே ஆணையம் 1985-லேயே கேட்டது. 2024-இல் சாட்சியச் சட்டம் முழுவதையும் புதிதாக எழுதி நடைமுறைப்படுத்தியபோதும் அந்த விதிக்கு இடம் கிடைக்கவில்லை. நான்கு சுவருக்குள் நடந்ததை வெளியில் இருப்பவர் மெய்ப்பிக்க வேண்டும் என்ற சுமை அப்படியே இருக்கிறது.

நேரில் பார்த்தவர் என்ன செய்ய வேண்டும்?

சாத்தான்குளத்தில் உண்மையைச் சொன்னவர் அதே நிலையத்தின் தலைமைக் காவலரான ஒரு பெண். இரவு முழுவதும் அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருக்கிறது, அழிப்பதற்குள் கைப்பற்றுங்கள் என்று அச்சத்தோடு நடுவரிடம் கூறினார். அவருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு அளிக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மடப்புரத்தில் கோயில் ஊழியர் ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்த சில நொடிக் காட்சி, வழக்கின் போக்கையே மாற்றியது.

அப்படி ஒரு பதிவு உங்களிடம் இருந்தால், முதலில் அதைச் சமூக ஊடகத்தில் போட வேண்டாம். எடுத்த செல்போனை அழிக்காமலும் பழுதுபார்க்கக் கொடுக்காமலும் அப்படியே வைத்திருங்கள். நகலை நம்பகமான வழக்கறிஞரிடம் கொடுங்கள். நடுவரிடமோ உயர் நீதிமன்றத்திலோ ஒப்படைக்கும் அன்றே உங்களுக்குப் பாதுகாப்புக் கோரியும் மனுத் தாக்கல் செய்யுங்கள். சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒப்புதல் அளித்துள்ளது. அதன்படி பாதுகாப்புக் கேட்பது சாட்சியின் உரிமை. உள்ளூர்க் காவல் நிலையத்திலிருந்து ‘சும்மா பேசிவிட்டுப் போகலாம்’ என்று அழைப்பு வந்தால், எழுத்து வடிவில் அழைப்பாணை கேளுங்கள். தனியே போக வேண்டாம்.